என் இடத்தில் ஒரு கிடா

1

மெல்பர்ன் நகரத்துப் பேருந்து நிழற்குடைகளில் விளம்பரத் தாள் மாற்றுவது என் வேலை. போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் ஏணி போட்டு ஏறி, ஓட்டப்பந்தய ஷூ விளம்பரம் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினேன். இறங்கிப் பார்த்தால் அதிலிருந்த பெண் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தாள். என் மேல் முழுக்கத் தப்பில்லை. மேலே பாதி சாம்பல் வானம், கீழே பாதி சாம்பல் ரோடு, நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு குட்டியாக ஒரு பெண். முகம் இருந்திருந்தால் எது தலை, எது கால் என்று எனக்கும் தெரிந்திருக்கும். இதை என் மேற்பார்வையாளர் கிரெக் ஏற்றுக்கொள்வதில்லை.

மறுபடி ஏறி அவளை நேராக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. மதுரையிலிருந்து காதர். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். நண்பர்கள் குழுவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். இந்த வருடத்துக் கபடிப் போட்டியின் பிளக்ஸ்.

செல்லூரில் பங்குனி மாதம் நாங்கள் நடத்தும் போட்டி அது. எங்கள் அணியின் முத்துப்பாண்டி மாரடைப்பில் இறந்துபோனதிலிருந்து அவன் பெயரில் நினைவுக் கோப்பை. நான் ஊரைவிட்டு வந்த வருடத்திலிருந்து, பிளக்ஸின் வலது மேல் மூலையில் என் முகம் இருக்கும். வருடா வருடம் படம் வந்ததும் விரலால் விரித்து முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பேன். கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

விரித்தேன். வலது மேல் மூலையில் ஒரு வெள்ளாட்டுக் கிடா நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் மாலை. காலுக்கடியில் ‘இரண்டாம் பரிசு’.

ஏணியிலிருந்து இறங்கினேன். கிரெக்கிடம், ஊரில் என் முகத்தை எடுத்துவிட்டார்கள் என்று என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியதோ, தோளில் கை வைத்து வேனில் உட்காரச் சொல்லிவிட்டு, மிச்ச நிழற்குடைகளை அவரே முடித்தார்.

2

ஒரு மூலையில் இருந்த படத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். கணக்கைச் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. வீடு அக்காவுடையது, அது நியாயமும்கூட. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு வாக்காளர் பட்டியலிலும் இல்லை. மதுரை மாநகரில் நான் இருந்தேன், இருக்கிறேன் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே பத்திரம் அந்தப் பிளக்ஸ் மூலைதான்.

இன்னொன்று. நானே பிளக்ஸ்காரன். என் மனைவி செவிலியர். அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். வருவதற்கு முன்னால் காதர் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டிசைன் போட்டேன். வந்த புதிதில், வேலை தேடித்தரும் அலுவலகத்தில் ஒரு அம்மாள் நான் செய்த வேலைகளைக் காட்டச் சொன்னார். பெருமையாக ஒரு கபடி பிளக்ஸைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இதில் விற்கப்படும் பொருள் எது என்று கேட்டார். நான் கோப்பையைக் காட்டினேன். விளம்பரத் துறையில் அனுபவம் உண்டு என்று எழுதிக்கொண்டு, ஏணி ஏறத் தெரியுமா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆகவே பிளக்ஸில் எந்த முகம் எங்கே இருக்கிறது என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். இடது மேல் மூலை இறந்தவருக்கு. முத்துப்பாண்டி அங்கே மேகத்துக்குள் சிரிப்பான். நடுவில் பாய்ந்து வரும் ஆட்டக்காரர், அவர் முதுகுக்குப் பின்னால் சிங்கமும் மின்னலும். ஓரத்தில் ஆளுயரத்துக்குப் பெரிய மனிதர்கள், கும்பிட்டபடியோ செல்போனைக் காதில் வைத்தபடியோ. கீழே ‘இவண்’ என்று போட்டு, வட்டம் வட்டமாகப் போட்டி நடத்தும் பயல்கள். என்னை மட்டும் காதர் வலது மேல் மூலையில் வைத்தான். மேகம் போட்டு, பக்கத்தில் ஒரு விமானம். “வெளிநாட்டுல இருக்கேல்ல மாப்ள, பிளேனு வச்சாத்தான தெரியும்” என்றான். நான் ஆட்சேபிக்கவில்லை. விமானம் என் தலையைவிடக் கொஞ்சம் சிறியது.

காதரைக் கூப்பிட்டு ஏன் எடுத்தாய் என்று கேட்டிருக்கலாம்தான். அது முடியாது. பிளக்ஸில் இடம் யாரும் கேட்டு வாங்குவதில்லை. வைத்தால் சிரித்துக்கொள்ளலாம், வைக்காவிட்டால் பிளக்ஸையே பார்க்காத மாதிரி நடந்து போகலாம். கேட்டுவிட்டால் அதற்கப்புறம் வைத்தாலும் அது வைத்ததாகாது. செல்லூரில் இதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

குழுவில் எல்லாரும் கட்டை விரலும் நெருப்பும் போட்டார்கள். நானும் ஒரு கட்டை விரல் போட்டேன்.

3

அன்று சாயங்காலம் என் மகள் யாழினி சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. ஒரு விளையாட்டு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதில் எது எதற்குக் குறி, எது வெளியே சொல்லப்படுகிறது, எது ஒளிந்திருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டுமாம். குறியியல் என்று அதற்குப் பெயர். அவள் எடுத்திருந்தது அந்தச் சாம்பல் ரோட்டுப் பெண்.

“இது நான் மாட்டுனதுடா” என்றேன்.

“தெரியும்ப்பா. தலைகீழா இருந்தப்பவே பார்த்தேன்.”

அது அவள் பள்ளிக்கூடம்தான். அப்படியென்றால் அந்த நேரம் வாசலில் நின்றிருக்கிறாள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்திருப்பார்கள். ஏணியும் தண்ணீர் வாளியுமாக இருக்கும் வேனில் அவளைக் கொண்டுபோய்விடும் நாட்களில் ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறாள்; அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இதைப் பற்றியும் பேசவில்லை.

“முகம் ஏன் காட்டல, சொல்லுங்க” என்றாள்.

“போட்டோ எடுக்கிற நேரத்துக்குத் திரும்பிருப்பா.”

“இல்லப்பா. முகம் இல்லன்னா வாங்குறவங்க தங்களோட முகத்தை அங்க வச்சுக்கலாம். ரோடு ஏன் எம்ப்டியா இருக்கு?”

“பாவம், ஒருத்தரும் வரல. தண்ணி பாட்டில் நீட்டக்கூட ஆளில்ல. இந்நேரம் ஊரா இருந்தா பின்னாடி நாலு பைக்கு வந்திருக்கும்.”

சிரிப்பாள் என்று பார்த்தேன். எழுதிக்கொண்டாள். பிறகு தலை தூக்காமலே, “ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஸ்போர்ட்ஸ் ஆட் வேணும். ஊர்ல அந்த மாதிரி இருக்கா?” என்றாள்.

இந்தப் பிள்ளை என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்டே எத்தனையோ மாதமாகிறது. கைபேசியைத் துடைத்து நீட்டினேன்.

4

அவள் பிளக்ஸைக் கணினித் திரையில் பெரிதாக்கினாள். எத்தனை வருடங்கள் நான் கூட்டி ஒட்டிய படங்கள்! அவள் பார்க்கும்போதுதான் எனக்கே வேடிக்கையாக இருந்தது.

“கபடிக்கும் லயனுக்கும் என்ன சம்பந்தம்?”

“வீரம்.”

“இந்தக் காளை?”

“அலங்காநல்லூர்லருந்து ஒரு டீம் வருது. அவங்க மனசு கோணக்கூடாதுல்ல.”

“இவங்க எல்லாரும் ஃபோன்ல யார்கிட்ட பேசுறாங்க?”

“ஒருத்தருக்கொருத்தர்தான்.”

“அப்பா, எல்லாருக்கும் ஒரே பாடி.”

பிடித்துவிட்டாள். காதர் கடையில் ஒரே ஒரு கோட்டு சூட்டுப் படம்தான் உண்டு. யார் தலை வந்தாலும் அந்தக் கோட்டின் மேல் உட்கார்த்திவிடுவோம். மாவட்டத்தில் பாதிப் பேர் அதற்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறார்கள். நானும்தான். தொழில் ரகசியத்தைச் சொன்னேன். இப்போது சிரித்தாள்.

“இதுல என்ன விக்கிறாங்க?” என்றாள் அடுத்து. அதே கேள்வி. வேலை அலுவலகத்து அம்மாளின் கண்ணாடி எனக்கு நினைவுக்கு வந்தது.

“போட்டி. தேதி, இடம், பரிசு எல்லாம் போட்டிருக்கே.”

“அது எம்புட்டு சின்னதா இருக்கு பாருங்க.” எம்புட்டு என்று சொல்ல அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை, வீட்டுக்குள் என் வாயிலிருந்து சிந்தியதைப் பொறுக்கியிருக்க வேண்டும். “முகம்தான் பெருசு. அந்த ஷூக்காரங்க ஒரு ஆள்கூட வேணாம்னு முகத்தை எடுத்துட்டாங்க. இவங்க ஒரு ஆளையும் விடக்கூடாதுன்னு எல்லாரையும் வச்சிருக்காங்க. நாங்க இவ்வளவு பேர் இருக்கோம்னு சொல்றதுதான் விளம்பரம்.”

நான் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இதுல நீங்க எங்க?”

வலது மேல் மூலையைக் காட்டினேன். “இங்க இருந்தேன்.”

அவள் ஆட்டைப் பார்த்தாள். ஆடு அவளைப் பார்த்தது. நான் என் ஆராய்ச்சியைச் சொன்னேன். கிடா என்றால் வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம், என்னையும் வெட்டிவிட்டார்கள். இரண்டாம் பரிசு என்றால் இரண்டாந்தரம். மாலை எனக்கு வந்திருக்க வேண்டியது. முகம் கிழக்கே திரும்பியிருக்கிறது. ஆஸ்திரேலியா கிழக்கேதான் இருக்கிறது. போன வருடம் நான் சீருடைக்கு அனுப்பிய சட்டைகளில் கை நீளம் குறைவு என்று ஒருவன் சொன்னான், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

“அப்பா,” என்றாள் யாழினி, “இது ஆடு.”

“குறியியல்னு நீதான சொன்ன.”

“சில நேரம் ஆடு வெறும் ஆடாவும் இருக்கலாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. காதர் மாமாகிட்டக் கேளுங்க.”

“கேக்கக் கூடாதும்மா. அது அப்படித்தான்.”

“நீங்க கேக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, என் கைபேசியை எடுத்துப் பொத்தானை அழுத்தி, வாயருகில் வைத்துக்கொண்டாள். “காதர் மாமா, நான் யாழினி. அப்பா ஃபோட்டோ ஏன் இல்ல? அவர் ஆட்டைப் பார்த்து ஃபீல் பண்றார்.”

பிடுங்குவதற்குள் போய்விட்டது. அழிக்கப் பார்த்தேன். அதற்குள் இரண்டு கோடும் நீலமாகிவிட்டன.

5

காதர் உடனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள் என் மகள். அவன் வணக்கம் வைக்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

“மாப்ள, நீ செத்துப்போயிட்ட.”

“எப்படா?”

“போன வருசம்.”

பின்னால் அச்சு எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவன் கடையைவிட்டு வெளியே வந்து பேசினான்.

“போன வருசம் செல்லூர் முக்குல பிளக்ஸ் கட்டுனப்ப சட்டம் சின்னதாப் போச்சு. ஓரத்த மடிச்சுக் கட்டிட்டானுக. பிளேனு மடிப்புக்குள்ள போயிருச்சு. இந்தப் பக்கம் முத்துப்பாண்டி மேகத்துல சிரிக்கிறான், அந்தப் பக்கம் நீ மேகத்துல சிரிக்கிற. போற வாறவன் என்ன நெனப்பான் சொல்லு?”

யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒங்க அக்கா வீட்டுக்கு நாலு பொம்பளைங்க துட்டி கேக்க வந்துட்டாளுக. தம்பி எப்பத் தவறுனாரு, சொல்லவே இல்லையேன்னு. அக்கா மாவாட்டிக்கிட்டு இருந்துச்சாம். கழுவாத கையோட அப்படியே எந்திரிச்சுக் கடைக்கு வந்துருச்சு. கத்தும்னு பாத்தேன், கத்தல. ‘காதரு, என் தம்பிய எறக்கிரு’ன்னு மட்டும் சொல்லுச்சு. யா அல்லா, அந்தக் கொரலு இன்னும் காதுல இருக்கு. அப்பவே போயி ஏணி போட்டு அந்த மூலைய வெட்டி எடுத்துட்டேன். ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிருச்சு. இப்ப ஒன் மக கேட்டதுனால சொல்றேன்.”

என் அக்காவின் பெயர் செல்வி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளோடு பேசுகிறேன். சளி பிடித்திருக்கிறதா, குளிருக்குக் கம்பளி போட்டிருக்கிறாயா என்பாள். போன வருடம் பங்குனியில் ஒருநாள் மட்டும், காரணம் இல்லாமல் வீடியோவில் வரச் சொல்லி, எழுந்து நில், நட, திரும்பு என்று சொல்லிப் பார்த்தாள். வயதாகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

“சரிடா, மேகம் வேணாம். வேற எங்கயாச்சும் வச்சிருக்கலாமே” என்றேன். கேட்டே விட்டேன். சபை நாகரிகமெல்லாம் போயிற்று.

“எங்கன்னு நீயே சொல்லு மாப்ள. கீழ வட்டத்துல இருக்கவனுக எல்லாம் கிரவுண்டுல கெடந்து கோடு போடுறவனுக, மண்ணு கொத்துறவனுக. அதுல ஒன்ன வச்சா அவனுக மொகம் சுருங்கும். பெரிய மனுசங்க வரிசைல வைக்க, கோவிச்சுக்காத, நீ பெரிய மனுசன் கெடையாது. மேல வச்சா ஒங்க அக்கா என்னைய முத்துப்பாண்டி பக்கத்துக்கு அனுப்பிரும். ரெண்டு நாளு ஒன் மொகத்த மவுஸ்ல புடிச்சு வச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தேன்டா. எங்க விட்டாலும் ஒட்டல. பிரிண்டு போற நேரம் வந்துருச்சு. ஓட்டைய அடைக்கணும்னு கிடாவத் தூக்கி வச்சேன்.”

கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டான். என்னை யாரும் வெட்டவில்லை. வைத்துப் பார்த்திருக்கிறார்கள், பொருந்தவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நானும் அந்தப் பிளக்ஸை மனதுக்குள் விரித்து என் தலையைத் தூக்கிக்கொண்டு அலைந்து பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். எனக்குத் தோதாக ஒரு சதுரமும் அதில் இல்லை.

“சாப்பிட்டியா மாப்ள?” என்றான் காதர். அவனும் அதற்கு மேல் என்ன கேட்பான்.

6

இறுதிப்போட்டி அன்றைக்கு மட்டும் தனியாக ஒரு பிளக்ஸ் வைப்பது எங்கள் வழக்கம். இறுதிக்கு வந்த இரண்டு அணிகளின் பெயரும் படமும் போட்டு, மைதானத்து வாசலில் கட்டுவோம். அதற்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்து வந்தபோது, யாழினி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் செல்லூர்.

“காதர் மாமாகிட்ட ஃபைல் கேட்டேன், அனுப்பினார்” என்றாள்.

பிளக்ஸின் அடிப்பாகத்தில், எழுத்துகளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கூட்டம் உண்டு. மைதானத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்கள். வெற்றிடமாக இருக்கக் கூடாதே என்று வைக்கும் படம் அது. நான் கடையில் இருந்த காலத்தில்கூட அந்த முகங்களை உற்றுப் பார்த்ததில்லை. அவள் அதைப் பெரிதாக்கிக் காட்டினாள். மூன்றாம் வரிசையில், தலையில் துண்டு கட்டியவருக்கும் கடலைப் பொட்டலம் வைத்திருப்பவருக்கும் நடுவில், கைலியோடு சம்மணம் போட்டு, வாயைப் பிளந்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

படம் எங்கள் வீட்டு வரவேற்பறையில் எடுத்தது. போட்டி நாட்களில் ஊர்ப் பையன் ஒருவனின் கைபேசி வழியாக நேரலை பார்ப்பேன். கபடியை சோபாவில் உட்கார்ந்து பார்க்க முடியாது, தரையில் உட்கார்ந்துவிடுவேன். அப்போது எடுத்திருக்கிறாள்.

“எப்ப எடுத்த?”

“முன்னாடி எப்பவோ.”

“எதுக்கு?”

தோளைக் குலுக்கினாள். அவள் கைபேசியில் என் படம் இருப்பதே எனக்குப் புதுச் செய்தி.

“கோட்டு வேணாமா?” என்றேன்.

“பக்கத்துல யாரும் கோட்டுப் போடலையே.”

“வாயையாவது மூடி வைக்கலாம்.”

“பக்கத்துல இருக்கவரும் திறந்துதான் வச்சிருக்கார். பாருங்க.” சுட்டியால் காட்டினாள். “நீங்க அங்க வேலை செய்யல. பெரிய ஆள் இல்ல. சாகல. நீங்க பார்க்கிறீங்க. பார்க்கிறவங்க எல்லாம் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.”

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து என் கன்னத்தில் நிழல்கூடப் போட்டிருந்தாள். அதை நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

காதருக்கு அனுப்பினாள். அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. “ஏம்மா, படிப்பு முடிஞ்சதும் நம்ம கடைக்கு வந்துரு. ஒங்கப்பன வேலைக்கு வச்சு நான் பட்ட பாடு போதும்.”

7

ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. மறுநாள் சாயங்காலம் அக்காவின் அழைப்பு. ஞாயிறு தவிர வேறு நாளில் அவள் கூப்பிடுவதில்லை. பயந்துகொண்டே எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏன்டா, ஊருக்கு வந்தா கூடப் பொறந்தவ வீட்ட எட்டிப் பாக்க மாட்டியா?”

“நான் எங்கக்கா வந்தேன்?”

“அதத்தான்டா தெருவே கேக்குது. பிளக்ஸ்ல மண்ணுல உக்காந்து கபடி பாத்துக்கிட்டு இருக்கியாம். குழாயடிக்குப் போனா ஒருத்தி, கடைக்குப் போனா ஒருத்தி. ‘தம்பி வந்துருக்காராமே, கைலியோட கூட்டத்துல இருக்காரே, வீட்டுப் பக்கம் காணோமே, அக்கா தம்பிக்குள்ள ஏதும் பேச்சில்லையா’ங்கிறாளுக. போன வருசம் துட்டி கேக்க வந்தாளே ஒருத்தி, அவதான் மொதல்ல வந்தா.”

அக்காவின் குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்குக் கீழே வேறு ஒன்றும் இருந்தது. நாற்பது தாண்டிய பிறகு ஒருவன் தன் அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

“பிளக்ஸ நீ பாத்தியாக்கா?”

“பாக்காம? வெரசாக் கண்டுபிடிக்க முடியல. அம்புட்டுப் பேருக்குள்ள போயி உக்காந்திருக்க. அப்பறம் வாயப் பாத்துக் கண்டுபிடிச்சேன்.”

“கேட்டவங்ககிட்ட என்ன சொன்ன? அது வெறும் போட்டோன்னு சொன்னியா?”

“போட்டோன்னு சொன்னா அதுக்கு இன்னொரு கத கட்டுவாளுக.” கொஞ்சம் நிறுத்தினாள். “வந்தான், சாப்பிட்டான், போயிட்டான்னு சொல்லிட்டேன்.”

யாழினி பாடப் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா சாப்பிட்டேன்?”

“ஞாயித்துக்கிழம வேற என்ன வப்பேன்? கறிக்கொழம்பு. ரசம். இன்னொரு கரண்டி சோறு போட வந்தேன், கைய வச்சு மறச்சுட்ட. எப்பயும் அப்படித்தான நீ.”

என் மகள் கைபேசிப் பக்கமாகக் குனிந்தாள்.

“அத்தை, நானும் வந்தேனா?”

“வராம?” என்றாள் அக்கா. “நீதான்டி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட.”